கழுத்துக் கறுப்பு

நேயர்களுக்கு வணக்கம். காய்ச்சல் என்று 14 வயதுப் பையனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சட்டைக் காலரை விலக்கினேன். பின்கழுத்து முழுக்க வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு. அதன் மேலே சிவந்த சிராய்ப்பு. “பயத்தமாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார், எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு டாக்டர். அழுக்கு போகவே மாட்டேங்குது” என்றார் அம்மா. பையன் குனிந்த தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவனை இதைச் சொல்லித்தான் கேலி செய்திருக்கிறார்கள்.

அது அழுக்கு இல்லை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் நான் வருவதில்லை. பருமனான பிள்ளைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் இப்படிக் கறுத்தால், பெரும்பாலும் அது இன்சுலின் செய்கிற வேலை. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் சுரக்கிற ஹார்மோன் அது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கும். ரத்தத்தில் மிஞ்சுகிற அந்த இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைக்கிறது. இந்தக் கட்டத்தில் சர்க்கரை அளவு நார்மலாகவே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, “வளர்ந்தா சரியாயிடும்” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையே அதுதான். கணையம் களைத்துப்போனால் வருவது சர்க்கரை நோய். இளவயதில் வருகிற இரண்டாம் வகை, பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாக முற்றும்.

இதயமும் அப்படித்தான். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஒரு சின்ன ஊர். 1973இல் டாக்டர் ஜெரால்டு பெரன்சன் அந்த ஊர்ப் பிள்ளைகளின் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் தொடர்ந்தார். அவர்களில் சிலர் விபத்து போன்ற காரணங்களால் இளவயதிலேயே இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில், பதின்வயதுக்காரர்களின் ரத்தக்குழாயிலேயே கொழுப்புப் படிவு இருந்தது. எடையும் அழுத்தமும் கூடியிருந்தவர்களுக்கு அது அதிகம். ஐம்பதில் வரும் மாரடைப்புக்கு அந்த வயதிலேயே விதை விழுந்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் மாதவிலக்குக் கோளாறு, கணக்குப் பாடத்துக்குப் பறிபோகும் பி.டி. பீரியட், இரவுத் தூக்கம், எல்லாம் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பையனைத் திட்டாதீர்கள். பீர்க்கங்காய் நாரை எடுக்கவே எடுக்காதீர்கள். வணக்கம்.