ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்

(குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து வாசகசாலை ஒன்றின் ஆண்டுவிழாவில் மனநல மருத்துவர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மழைக்கு முன்னால் முடித்துவிடச் சொல்லி செயலாளர் கண்ணைக் காட்டுகிறார். முயற்சி செய்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர், இரண்டு மாதமாகப் பாயைவிட்டு எழும்பவில்லை. சோறு இறங்கவில்லை. கத்தியை எடுத்தால் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். வளையலை அடகு வைத்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் நார்மல். உடனே வீட்டில் பேச்சு மாறிவிட்டது: “ஒண்ணும் இல்லையாம், மடி (சோம்பல்) பிடிச்சுக் கிடக்கான்.” அந்த அம்மா பெரிய உறையை மேசையில் வைத்துக் கேட்டார்: “அப்போ பிள்ளையளுக்க அப்பாவுக்குத் தீனமே (நோயே) இல்லையா டாக்டர்?”

தீனம் உண்டு, அதன் பெயர் மனச்சோர்வு. ஆனால் நாம் வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைத்தான் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு தெரியும். வயதானவர் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்து மந்தமாகிப்போனால் அது மனச்சோர்வு மாதிரியே இருக்கும். உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்திருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் நானே ஸ்கேன் எழுதுவேன். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதுவேன். ஆனால் மனச்சோர்வு அந்தப் படத்தில் விழாது.

அப்போ பத்திரிகையில் சிவப்பும் மஞ்சளுமாக மூளைப்படம் போடுகிறார்களே? அது வேறு வகை. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜனை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும். அதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று 1990-இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. அதில் தெரிவது நினைப்பு இல்லை, ரத்த ஓட்டம். அதுவும் சில நொடி தாமதமாக. நிறம் கம்ப்யூட்டர் பூசியது.

மீன்பிடிக்கிற குளச்சல்காரர்கள் இருந்தால் இதைக் கேளுங்கள். 2009-இல் அமெரிக்காவில் சிலர் செத்துப்போன சால்மன் மீனை அந்த மெஷினுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, “இவர்கள் மனநிலை என்ன?” என்று கேட்டார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘வேலை செய்தன’! பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதைக் கணக்கில் கழிக்காவிட்டால் செத்த மீனும் யோசிக்கும். கேலிக்குத் தரப்படும் இக் நோபல் 2012-இல் அவர்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை, நல்ல பாடம்.

ஆராய்ச்சி வீண் என்று சொல்லவில்லை. மூளையில் ‘25-ஆம் பகுதி’ என்று ஓர் இடம். மனச்சோர்வில் அது அளவுக்கு மீறி இயங்குவதை ஹெலன் மேபெர்க் என்ற நரம்பியல் மருத்துவர் படங்களில் கண்டார். எந்த மருந்துக்கும் மசியாத 6 பேருக்கு அங்கே மின்கம்பி பொருத்தி 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். 4 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதி சராசரியில் கொஞ்சம் சிறிதாக இருக்கிறது என்பதும் பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் சராசரியில்! இரண்டு தோப்புத் தேங்காயை எடைபோட்டால் ஒன்று சற்றுக் குறையலாம். ஒற்றைத் தேங்காயைக் கையில் தந்து எந்தத் தோப்பு என்று கேட்டால் யார் சொல்வார்?

அதனால் இன்றைக்கும் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். தூக்கம், பசி, சோர்வு, ஆர்வம், சாவு நினைப்பு என்று 9 அறிகுறிகள். மனவாட்டமோ ஆர்வமின்மையோ கட்டாயம் சேர்ந்து, குறைந்தது 5 அறிகுறிகள் 2 வாரம் நீடிக்க வேண்டும்.

சரி, அந்த மனிதருக்கு வருவோம். “பச்சையா நிக்கிற மரம் பால் தராம நிக்குமா?” என்று கேட்டேன். முதல்தடவையாகத் தலையைத் தூக்கினார். “நிக்கும் டாக்டர். பாத்தா தெரியாது. வெட்டுனாத்தான் தெரியும். அதை வெட்டாம கொஞ்சநாள் விட்டுருவோம்.” மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல நாளாயிற்றாம்.

மாத்திரை எழுதிக்கொடுத்தேன். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றேன். உறையை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். அடுத்தமுறை வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். வீடெல்லாம் தேடிய அடகு ரசீது அதற்குள்தான் இருந்தது.