பாரிஸ் படம், நம்ம ஊர்க் காசு

(காட்சி: உள்ளங்கையில் பழைய தபால்தலை, மேலே பூதக்கண்ணாடி)

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், துருப்பிடித்த சாவிக்கொத்துகளுக்கு நடுவே கிடந்தது இது. பின்பக்கம் பசை போய்விட்டது, ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். பெரிய விலை போகாது. ஆனால் படத்தை விடுங்கள். விலை போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

1931ல் பாரிஸில் காலனிக் கண்காட்சி நடந்தது. அதற்காக பிரான்ஸ், புதுச்சேரி உட்பட தன் காலனிகளுக்கெல்லாம் நினைவுத் தபால்தலை அச்சடித்தது. இது அதில் ஒன்று. படங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஊர்ப்பெயரும் விலையும்தான் மாறும். நம்முடைய அன்றாடத் தபால்தலையிலாவது 1914லேயே பிரம்மா வந்துவிட்டார். விழா என்றால் மட்டும் பாரிஸ் போட்ட படம்தான்.

(காட்சி: விலை எழுத்துகள், மிக அருகில்)

விலையில் 'ஃபனோன்', 'காஷ்' என்று இருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். காஷ் நம்ம காசு. ஃபனோன் நம்ம பணம்! 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்; ஆக ரூபாய்க்கு 192 காசு. தபால் குமாஸ்தாவுக்கு மனக்கணக்கு நன்றாக வந்திருக்க வேண்டும், பாவம். 1892ல் முதல் தபால்தலைகள் வந்தபோது விலை பிரெஞ்சுச் சில்லறையான சாந்தீமில்தான் இருந்தது. 1923ல் அந்தப் பழைய தபால்தலைகள் மேலேயே காசு, பணம் என்று புது விலையை அச்சுக்குத்தி விற்றார்கள்.

அப்புறம் 1939ல் பிரெஞ்சுப் புரட்சியின் 150ஆம் ஆண்டு. அதற்கும் எல்லாக் காலனிக்கும் ஒரே படம். எனக்குப் பிடித்தது 1954 ஜூனில் வந்தது: நாஜிகளிடமிருந்து பிரான்ஸ் விடுதலையான பத்தாம் ஆண்டு நினைவு. அதை ஒட்டி வந்த கடிதங்களின் முத்திரை மை காய்வதற்குள், அக்டோபரில் புதுச்சேரி கீழூர் கிராமத்தில் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகமே கைமாறியது.

(காட்சி: ஒட்டிய தபால்தலைகள்)

அதன்பின் நினைவுத் தபால்தலை தில்லியிலிருந்து வந்தது. 1984ல் பம்பாயில் குடியரசுத் தலைவர் கடற்படையைப் பார்வையிட்டதற்கு நான்கு, ஒரே சதுரமாக ஒட்டி வந்தன. ஒன்றில் விக்ராந்த். 1971 போரில் நம்ம வங்கக் கடலில் நின்ற கப்பல் அது.

நான்கும் கிழியாமல் இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. என்னிடம் மூன்றுதான் இருக்கிறது. விக்ராந்தைக் கிழித்து யாரோ கடிதத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.