லயத்திலிருந்து ஆய்வகத்துக்கு

(கேரளத்தின் இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டப் பகுதியான வண்டிப்பெரியாற்றில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பயிற்சிக்குப் போவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூடவே, தன்னம்பிக்கையூட்டி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். போன இடத்தில் என்ன நடக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இந்த மலையிலிருந்து பெங்களூருக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறோம் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கும். நம் பீர்மேட்டிலிருந்து ஒருவர் போயிருக்கிறார். அன்னா மணி, 1918இல் இங்கே பிறந்தவர். அவர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பெண். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துப் பிள்ளை இல்லை. அந்த வித்தியாசத்தை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் போன இடத்தில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1940இல் உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? வேலை என்னவோ வேறு. கல்லைக் கடுங்குளிரில் வைத்து, அதிலிருந்து வரும் மங்கலான ஒளியைப் படத்தட்டில் பதிக்க வேண்டும். ஒரு தட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. 1945இல் ஆய்வேடு கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. தரவில்லை. எனக்கு அதில் இன்றும் ஆத்திரம்தான். அவர் அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்தார். 1948இல் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளின் தயாரிப்பு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே தயாரிக்க வழிசெய்தார். 1976இல் ஓய்வுபெறும்போது துறையின் துணைத் தலைமை இயக்குநர்.

கருவியின் அளவு சரியா என்று பார்த்துக்கொண்டே ஒரு வாழ்நாள். இதில் உங்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது? பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நின்றவர்கள்தானே நீங்கள்? சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், தராசு முள் முதலில் சைபரில் நின்றதா என்று அம்மா சண்டை பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆய்வகத்தில் முதல் வாரம் கற்றுத்தருவதும் அதேதான். அளக்க வேண்டிய பொருளை வைக்காமல் கருவி என்ன காட்டுகிறது? தெரிந்த அளவை வைத்தால் சரியாகக் காட்டுகிறதா? அதற்கப்புறம்தான் தெரியாததை அளக்க விடுவார்கள்.

சரி, மற்ற சங்கதிகள். உங்களைத் தேர்ந்தெடுத்த பேராசிரியர் நீங்கள் போய்ச் சேரும் நாளில் ஊரிலேயே இல்லாமல் போகலாம். பயப்பட வேண்டாம். அன்றாடம் உங்களைப் பார்த்துக்கொள்ளப் போவது ஒரு பிஎச்.டி. அண்ணனோ அக்காவோதான். அவர்கள் தங்கள் வேலை நேரத்தை உங்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். கையில் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திணிப்பார்கள். முதல் தடவை ஒன்றும் புரியாது. படங்களையும் அவற்றின் கீழே உள்ள குறிப்புகளையும் முதலில் பாருங்கள். புரியாததைக் குறித்துவைத்துக்கொண்டு மொத்தமாகப் போய்க் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். பெங்களூரு ஆய்வகங்களில் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு இரண்டும் தெரியும். மெஸ் சாப்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஆய்வகக் குறிப்பேட்டில் மட்டும் கறாராக இருங்கள். பேனாவால் எழுதுங்கள், தேதி போடுங்கள், தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். எதிர்பார்த்த எண் வரவில்லையா? வந்த எண்ணை எழுதுங்கள். அழகுக்காக எண்ணைத் திருத்துகிறவர் பெரிய கல்லூரியில் படித்திருந்தாலும் அவரோடு சேராதீர்கள்.

எப்படிச் சேர்வது என்று கேட்பீர்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம். பெங்களூரு அகாதமி 1934இல் ராமன் தொடங்கியது. அறிவிப்பு பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. உங்களை அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவரிடம் கடைசி நாள் ராத்திரி போய் நிற்காதீர்கள். எதற்காக அந்த ஆய்வில் ஆசை என்று நீங்களே எழுத வேண்டும். ‘சிறுவயது முதல் அறிவியலில் ஆர்வம்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். ஒரு கேள்வியை எழுதுங்கள். பீர்மேட்டில் கொட்டும் மழை தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊருக்கு இறங்கினால் ஏன் இல்லை என்பதே நல்ல கேள்விதான்.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. கோட்டயத்துக்கோ தேனிக்கோ இறங்கித்தான் ஏற வேண்டும். ஜூனில் மலைப்பாதையில் மண் சரியும், அதனால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசைத் தங்கைகளிடமிருந்து ஆரம்பிப்போம்.