காட்ஸில்லா கத்துவது யார் குரலில்? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை நாலு நாளாக விடவே இல்லை. வரிசைப்படி போனால் அது ஏழாவதாகத்தான் வரும். அதுவரை பொறுமை இல்லை, முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணா, நீங்கள் சொன்னீர்கள் என்று 1954-இல் வந்த முதல் காட்ஸில்லா படத்தை என் மகளோடு பார்த்தேன். அது ஒரு கத்து கத்துகிறதே, எந்த மிருகத்தின் குரல்? யானையா, சிங்கமா? ரப்பர் உடைக்குள் ஆள் இருப்பது நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. மகளுக்கு ஆறு வயது, அவள் பயப்படவே இல்லை. 'அப்பா, அது ஏன் அழுவுது?' என்றுதான் கேட்டாள்." இவ்வளவுதான் கடிதம்.

தம்பி, அது எந்த மிருகத்தின் குரலும் இல்லை. அது ஒரு வாத்தியம்.

மிருகக் குரலில் செய்வதுதான் அதுவரை வழக்கம். 1933-இல் வந்த கிங் காங்குக்கு, மர்ரே ஸ்பிவாக் என்ற ஒலிக்கலைஞர் சிங்கம், புலி உறுமல்களைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டுக் கலந்தார். ஜப்பானில் காட்ஸில்லாவை எடுத்த தோஹோ ஸ்டுடியோக்காரர்களும் முதலில் மிருகக் குரல்களைத்தான் முயன்று பார்த்தார்கள். சரிப்படவில்லை. எந்தக் குரலைப் போட்டாலும், இது இன்ன மிருகம் என்று காது கண்டுபிடித்துவிடும். அப்போதுதான் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே வேறு வழி காட்டினார். டபுள் பேஸ் பார்த்திருப்பீர்கள், வயலின் போலவே இருக்கும், ஆளுயரத்துக்கு மேல், நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தோதான் வாசிக்க வேண்டும். அதன் தந்தியைத் தளர்த்திவிட்டு, மரப்பிசின் தடவிய தோல் கையுறையால் அழுத்தித் தேய்த்தார்கள். வில் கிடையாது, கையுறைதான். அதைப் பதிவு செய்து, ஓட்டும் வேகத்தை மாற்றியதும் வந்ததுதான் நீங்கள் கேட்ட கத்தல்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உடனே உறுமி மேளம்தான் ஞாபகம் வந்தது. நம் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் உறுமி கேட்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல் எழும்பும். அதற்குத்தான் நம் ஆட்கள் உறுமி என்றே பேர் வைத்தார்கள். தோலில் குச்சி பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். தொண்டைக்குள்ளிருந்து வருவது போன்ற அந்தக் கரகரப்பு அந்தப் பிடித்தலிலும் வழுக்கலிலும்தான் இருக்கிறது. டபுள் பேஸ் தந்தியில் பிசின் தடவிய கையுறை செய்ததும் அதே வேலைதான். எங்கள் ஊரில் உறுமி அந்த இடத்துக்கு வந்தால்தான் சாமியாடிக்கு அருள் வரும், தவுல் அடித்து வராது. அடிக்கிற சத்தம் வெளியில் கேட்கும். தேய்க்கிற சத்தம் நம் உடம்புக்குள் கேட்கும். உங்கள் வயிற்றைப் பிசைந்தது அதுதான் தம்பி.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். இந்தப் பழைய பேய்ப் படம், பூதப் படம், வேற்றுக்கிரகப் படம் எல்லாவற்றுக்கும் உயிர் காதில் இருக்கிறது. போன வருஷம் பேசியபோது சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எனக்கு இது படிப்பில் வந்த விஷயம் இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊருக்கு அரை மைல் தள்ளி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. சாயங்காலம் பக்திப் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நடுவில் வயல்தான், தடுக்க ஒன்றும் இல்லை. ராத்திரி காற்று எங்கள் பக்கம் வீசினால் இரண்டாம் ஆட்டம் முழுவதும் திண்ணைக்கு வந்து சேரும், வசனம், பாட்டு, சண்டை எல்லாம். படம் மட்டும் வராது. ஒரு தடவை விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படம் போட்டார்கள். மூன்று ராத்திரி அந்தப் பேய்ச் சிரிப்பைத் திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்டேன். பாட்டியின் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன். நாலாவது நாள் மாமா கூட்டிக்கொண்டு போனார். மணலில் உட்கார்ந்து பார்த்தால், எலும்புக்கூடு கையைக் காலை ஆட்டிக்கொண்டு வருகிறது. கொட்டகையே கைதட்டுகிறது, நானும் தட்டினேன். மூன்று நாள் நான் பயந்த பேய் அது இல்லை. என் பேய் திண்ணையிலேயே இருந்துவிட்டது.

சரி, படத்துக்கு வருவோம். காட்ஸில்லாவை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டுப் பாருங்கள். எழுத்து ஓடுவதற்கு முன்னாலேயே திம், திம் என்று காலடி. அப்புறம் கத்தல். அதற்குப் பிறகுதான் இசை. ஒரு உருவமும் இல்லை. கதையில் வரும் ஓடோ தீவில் மலைக்குப் பின்னாலிருந்து அது தலையைத் தூக்குவதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை நாம் அதைக் காதால்தான் பார்த்திருக்கிறோம். அதனால் ரப்பர் தெரிந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிடுகிறது.

ரப்பர் உடையைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறப்புக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா, கிங் காங் மாதிரி பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்கத்தான் ஆசைப்பட்டார். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், அவருக்குக் கிடைத்தது மாதக்கணக்கு. அதனால் ஆளை உள்ளே இறக்கினார். ஹாருவோ நகாஜிமா என்ற நடிகர். முதலில் செய்த உடை கிட்டத்தட்ட 100 கிலோ, அதைப் போட்டுக்கொண்டு சில அடிகூட ஒழுங்காக எடுத்துவைக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் இலகுவாக இன்னொன்று செய்தார்கள். அதிலும் விளக்குச் சூட்டில் வியர்வை ஊற்றும். கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்டினால் அசைவு நிதானப்படும், நடைக்குக் கனம் வரும். அதே வருஷம் இயக்குநர் குரோசாவாவின் ஏழு சாமுராய் படத்தில் கொள்ளைக்காரர்களில் ஒருவராக வந்தவரும் இதே நகாஜிமாதான். சாமுராய்களின் தலைவராக வந்த தகாஷி ஷிமுரா இங்கே பேராசிரியர் யமானே. ஒரே வருஷம், ஒரே ஸ்டுடியோ, இரண்டு படங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

காது விஷயத்துக்கு இன்னும் இரண்டு உதாரணம் சொல்லிவிடுகிறேன். 1942-இல் வந்த கேட் பீப்பிள். வால் லூட்டன் தயாரித்து ஜாக் டர்னர் இயக்கியது. பணம் கம்மி, சிறுத்தையாக மாறும் பெண்ணைக் காட்ட வசதி இல்லை. ஒரு பெண் ராத்திரி தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. இரண்டு பேரின் செருப்புச் சத்தமும் டக் டக் என்று கேட்கிறது. திடீரென்று பின்னால் வருகிற சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. செருப்பு நின்றுவிட்டது என்றால் இப்போது வருவது என்ன கால்? அந்தக் கேள்வி நமக்குத் தோன்றுகிற நேரத்தில் சீறிக்கொண்டு ஒன்று பாய்கிறது, நாம் துள்ளுகிறோம். வந்து நின்றது ஒரு பஸ். அதன் பிரேக் சத்தம். எண்பது வருஷமாக எல்லோரும் அந்தத் தந்திரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு லூட்டன் பஸ் என்றே பேர். ஆனால் என்னைக் கேட்டால் பஸ் பெரிய விஷயம் இல்லை. அதற்கு முன்னால் நின்றுபோன செருப்புச் சத்தம்தான் விஷயம்.

இன்னொன்று, 1956-இல் வந்த ஃபர்பிடன் பிளானட். அதில் வரும் பூதம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. லூயி பேரன், பீபி பேரன் என்ற கணவன் மனைவி, சொந்தமாக மின்சுற்றுகள் கட்டி, அவற்றைத் தாங்குகிற அளவுக்கு மேல் ஓட்டி, அவை அலறித் துடித்துக் கருகும் வரை டேப்பில் பிடித்தார்கள். கருகிய சுற்றை மறுபடி உயிர்ப்பித்து அதே சத்தத்தைக் கேட்க முடியாது. இசைக்கலைஞர் சங்கத்தோடு தகராறு வரும் என்று, டைட்டிலில் 'இசை' என்றே போடவில்லை, 'மின்னணு ஒலிகள்' என்ற மாதிரி போட்டார்கள். அந்தப் படத்தின் ரோபோவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பீர்கள். எனக்கு ரோபோ பிடிக்கும்தான், ஆனால் அந்தச் சத்தம் இல்லையென்றால் நான் பாதியில் எழுந்துவிடுவேன்.

இப்போது தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் நாலு நாளாக என்னை விடாதது உங்கள் கேள்வி இல்லை, உங்கள் மகளின் கேள்வி. அது ஏன் அழுவுது?

அதற்குச் சத்தத்தைச் செய்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இஃபுகுபே படித்தது காட்டியல். இசை அவர் தானாகவே கற்றுக்கொண்டது. யுத்தத்தின்போது ராணுவத்துக்காக மரங்களின் அதிர்வையும் வலுவையும் ஆராயும் வேலையில் போட்டார்கள். அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். யுத்த காலம், ஈயம் கிடைக்காது, பாதுகாப்புக் கவசம் இல்லாமலேயே செய்தார். கதிர்வீச்சு அவர் உடம்பைக் கெடுத்தது. அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இசைக்கு வந்தார். மரம் எப்படி அதிரும் என்று ஆராய்ந்தவர், கதிர்வீச்சால் நோயில் விழுந்தவர். அணுகுண்டுச் சோதனையால் கலைக்கப்பட்ட ஒரு பிராணிக்குக் குரல் வேண்டும் என்று அவரிடம் வருகிறார்கள். அவர் மரத்தாலான ஒரு வாத்தியத்திடம் போகிறார்.

படம் வந்த வருஷத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1954 மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. லக்கி டிராகன் என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் சாம்பல் விழுந்தது. படகின் ரேடியோக்காரர் செப்டம்பர் 23-ஆம் தேதி இறந்துபோனார். நவம்பர் 3-ஆம் தேதி படம் வெளியாகிறது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. படம் எப்படி ஆரம்பிக்கிறது? கடலில் ஒரு படகு, மேல்தளத்தில் மாலுமிகள், திடீரென்று ஒரு வெளிச்சம். கொட்டகையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அதை விளக்கியிருக்கத் தேவை இருந்திருக்காது.

இதனால்தான் 1956-இல் அமெரிக்காவில் ரேமண்ட் பர்ரை வைத்துச் சில காட்சிகள் சேர்த்து, நிறைய வெட்டி வெளியிட்டதை முதலில் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பர் நல்ல நடிகர், அவர் மேல் குறை இல்லை. வெட்டியதில் போனது துக்கம்.

மூலப் படத்தில் பேராசிரியர் யமானே மட்டும் காட்ஸில்லாவைக் கொல்லக் கூடாது என்கிறார். யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக உட்காருகிறார். அதைக் கொல்லத் தான் கண்டுபிடித்த ஆயுதத்தைத் தரமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் விஞ்ஞானி செரிசாவா எதனால் மனம் மாறுகிறார் தெரியுமா? டி.வி.யில் பள்ளிக்கூடப் பெண்கள் பாடும் பிரார்த்தனைப் பாட்டு. பாருங்கள், அங்கேயும் காதுதான்! அந்தப் பாட்டுக்கு இசையமைத்ததும் இஃபுகுபேதான்.

கடைசியில் அது ஒரு தடவை கடலுக்கு மேலே வந்து கத்திவிட்டு மூழ்கும். கப்பலில் வானொலிக்காரர் வெற்றி, வெற்றி என்று கூவுகிறார். யமானே சிரிக்கவில்லை. அந்தக் கத்தலையும் டோக்கியோவை நொறுக்கும்போது வரும் கத்தலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பிறந்தது ஒரே தந்தியில், ஒரே கையுறையில்தான். டோக்கியோவில் கேட்டால் ஒதுங்கத் தோன்றும். கடைசியில் கேட்டால் கிட்டே போகத் தோன்றும். உங்கள் மகளுக்கு அதில் எது முதலில் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும் தம்பி. அவளிடம் கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது படத்தைக் காட்டாதீர்கள், சத்தத்தை மட்டும் போடுங்கள்.

சரி, அடுத்த கேள்வி திருநெல்வேலியிலிருந்து.