சமக்குறிக்குப் பின்னால் விடை மட்டும்தானா?

வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கணக்கில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்புகளை வாசித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்: பின்னம், தசமம், விகிதம், சதவீதம், குறை எண்கள், இயற்கணிதம், வடிவியல், சராசரி. ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் நடக்கிற பெரிய வேலை, சின்ன வகுப்புகளில் சரியாக வந்துகொண்டிருந்த சில நம்பிக்கைகளைக் கழற்றி வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 8 கூட்டல் 4, சமக்குறி, ஒரு காலிக் கட்டம், கூட்டல் 5. கட்டத்தில் என்ன வரும்? நிறையப் பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் அந்த ஐந்தையும் சேர்த்து 17 என்பார்கள். வர வேண்டியது 7. கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், இத்தனை ஆண்டுகளாக அந்தக் குறிக்கு அடுத்து விடையைத்தானே எழுதிப் பழகியிருக்கிறார்கள்! 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் அந்தக் குறியைப் போட்டபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்றுதான் காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே அளவு, தராசு மாதிரி, அவ்வளவுதான். இது பிடிபட்டுவிட்டால், ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 20 என்ற சமன்பாட்டில் இரண்டு தட்டிலிருந்தும் ஐந்தை எடுப்போம், அப்புறம் மூன்றால் வகுப்போம் என்று பிள்ளையே யோசிக்கும். பிடிபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது, ‘அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்ற மந்திரம். நானும் அதைச் சொல்லிக்கொடுத்தவன்தான்.

அடுத்தது, பெருக்கினால் பெரிதாகும் என்கிற நம்பிக்கை. எட்டை அரையால் பெருக்கினால் 4, அரையால் வகுத்தால் 16. எட்டுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டால் பதினாறு தானாக வரும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளையிடம், உடனே மீச்சிறு பொது மடங்குக்கு ஓட வேண்டாம். அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அது எப்படி அரையைவிடக் குறைந்துபோனது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சதவீதத்தில் பெரியவர்களே சறுக்குவோம். 100ஐ 20 சதவீதம் கூட்டி, வந்ததை 20 சதவீதம் குறைத்தால் 96தான் மிஞ்சும். குறைக்கும்போது 120இல் அல்லவா இருபது சதவீதம் பார்க்கிறோம். எதில் 20 என்ற கேள்விதான் பாடமே.

வடிவியலில் ஒன்றே ஒன்று: சதுரத்தின் பக்கம் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்கு, பரப்பளவோ நான்கு மடங்கு. வரைந்து பார்த்தால் போதும்.

சரி, குறை எண்கள். நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே இவற்றுக்கு விதி எழுதினார், மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து. கடனும் கடனும் கூடினால் பெரிய கடன், அது எளிது. கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்றால் யார் நம்புவார்கள்? கடன் கதையை அங்கே நிறுத்திவிட்டு, குறை இரண்டை 3, 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். குறை ஆறு, குறை நான்கு, குறை இரண்டு, பூஜ்யம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஏறுகிறது. அடுத்து குறை ஒன்றால் பெருக்க வேண்டும். அந்த வரியை நீங்கள் எழுதாதீர்கள்.