கருங்காலின்னு சொல்றதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. ‘மக்கள் ஒத்துமை’ பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எங்க வியாசர்பாடி பக்கம் ஒத்துமைய பத்தி பேசாத மேடையே கெடையாது, பேசிட்டு கீழ இறங்குனதும் அவங்கவங்க தெருவுக்கு தனித்தனியா போய்டுவாங்க, அதனால நான் பழைய கதை ஒன்னு சொல்றேன்.

1918ல பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிங்க சேந்து சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னாடி நின்னாங்க. மூணே வருஷம், 1921ல பின்னி மில் ஸ்ட்ரைக் மாசக்கணக்கா இழுத்துச்சு. ஆதிதிராவிட தொழிலாளிங்க நெறைய பேர் வேலைக்கு திரும்புனாங்க, மத்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளிய நின்னாங்க. அவ்ளோதான், நேத்து வரைக்கும் ஒரே மில்லுல வேர்வை சிந்துனவன் இன்னிக்கு கருங்காலி, ஸ்ட்ரைக்க உடைச்ச துரோகி. புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, போலீஸ் சுட்டுச்சு, உயிரும் போச்சு.

ஏன் திரும்புனாங்கன்னு யாரும் கேக்கல. ஊர்ல கொஞ்சம் நெலம் இருக்கறவன் ரெண்டு மாசம் போய் கஞ்சி குடிச்சிட்டு வந்துடலாம், கடன்லயே இருக்கறவன், காலாகாலமா தள்ளி வெச்ச சேரிக்காரன் எங்க போவான்? ஆதிதிராவிட தலைவர் எம்.சி. ராஜா வேலைக்கு திரும்புனவங்க பக்கம் பேசுனது சும்மா இல்ல. வேலைக்கு வந்தவங்கள முதலாளி தாங்குனதுக்கு காரணம் பாசம் இல்ல, ஸ்ட்ரைக் உடையணும்ங்கறது தான். நாம எல்லாரும் தொழிலாளின்னு சொன்னா போதும்னு நெனச்சது தான் தப்பு, பசி எல்லாருக்கும் ஒன்னு தான், ஆனா தாங்குற தெம்பு ஒன்னு இல்லையே. (நான் சங்கத்துல இருந்தவன் தான், கோவிச்சுக்காதீங்க.)

இப்ப எங்க தெருவுக்கு வாங்க. தண்ணி லாரி வந்தா சண்டை. வீட்டு வேலைக்கு போற அம்மாங்க விடியக்காலையிலயே குடத்த வரிசையில வெச்சிட்டு போவாங்க, வந்து பாத்தா குடம் கடைசில கெடக்கும். ஒரு நாள் வாய் தடிச்சு சாதிய சொல்லி திட்டியாச்சு. அன்னிக்கு நாங்க அட்வைஸ் எதுவும் பண்ணல, யாரு எத்தன மணிக்கு வேலைக்கு போறாங்க, யாரு வீட்ல டேங்க் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதுனோம். டேங்க் இல்லாதவங்களுக்கு முதல் லாரி. ஒரு வாரம் முணுமுணுப்பு, அப்புறம் பழகிடுச்சு.

ஆனா அந்த வார்த்தைய சொன்னவங்க இன்னும் மன்னிப்பு கேக்கல. லாரி வரப்ப ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல தான் நிக்கறாங்க, மூஞ்சிய திருப்பிக்கிட்டு.