அந்த மூலைல வெள்ளையா என்ன இருக்கு?

வணக்கம் நேயர்களே. ரேடியோல உக்காந்து போட்டோ பத்திப் பேசணும்னு கூப்டப்ப எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாம படத்தப் பத்தி என்னத்தப் பேசுறதுன்னு. அப்புறம் யோசிச்சா இதுவும் நல்லதுக்குதான்னு பட்டுச்சு. ஏன்னா நான் பேச வந்தது படம் எடுக்குறதப் பத்தி இல்ல, ஒருத்தர் எடுத்த படத்தப் பாத்துட்டு இன்னொருத்தர் என்ன சொல்றார்ங்குறதப் பத்தி. அதுக்கு வாயும் காதும் போதும். நடுவுல நான் ஏதாவது படத்தச் சொன்னா நீங்க கண்ண மூடிக்கிட்டு மனசுல வரஞ்சுக்கோங்க, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்குறவங்க மட்டும் தயவுசெஞ்சு கண்ண மூட வேண்டாம்.

நான் பொழப்புக்குப் படம் எடுக்குறவன் இல்லைங்க. வேலை வேற. லீவு நாள்ல கேமராவத் தூக்கிக்கிட்டுக் கெளம்புற ஆள், அவ்வளவுதான். என்ன மாதிரி ஏழெட்டுப் பேரு மாசம் ஒருவாட்டி கூடுவோம், ஆளுக்கு ரெண்டு படம் கொண்டு வரணும், ஒருத்தர் படத்த மத்தவங்க பாத்துக் கருத்துச் சொல்லணும். இத்தன வருஷத்துல லென்ஸ் வாங்கினதுல கத்துக்கிட்டத விட அந்த ஏழெட்டுப் பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுல கத்துக்கிட்டது அதிகம்.

முதல்ல ஒரு வார்த்தைய ஒழிச்சுட்டு மேல போறேன். "சூப்பர்". இது இருக்கே, எனக்கும் இதுக்கும் பல வருஷப் பகை. படத்த நீட்டுனா அரை செகண்ட் பாத்துட்டு சூப்பர்னு சொல்லி போனைத் திருப்பிக் குடுத்துடுறாங்க. எது சூப்பர்? வெளிச்சமா, அந்த ஆளோட மொகமா, இல்ல நான் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்களா? ஒண்ணும் தெரியாது. சூப்பருக்கு ஒரு தம்பி வேற இருக்கான், "என்ன கேமரா?"ன்னு கேக்குறவன். படத்தப் பாத்துட்டு கேமரா பேரக் கேட்டா, நான் எடுக்கல, கேமராதான் எடுத்துச்சுன்னு அர்த்தம். சரி, கோவப்பட்டுட்டேன், விடுங்க. சூப்பர்னு சொல்றவங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா அன்பு வேற, கருத்து வேற.

இப்ப ஒரு பறவை கதை சொல்றேன். இத நான் சொல்லாத எடம் இல்ல, என் வீட்ல ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிடுவாங்க, நீங்க அப்பிடிப் போக முடியாது, போனாலும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரு தண்ணிக் கரைக்குப் போனேன். தண்ணிக்கு நடுவுல ஒரு காஞ்ச கெளை நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல ஒரு மீன்கொத்தி வந்து உக்காரும், அத முந்தின வாரமே பாத்து வச்சிருந்தேன். கேமராவ நிறுத்துற முக்காலிய சேத்துல ஊனி, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, முழங்கால் வரைக்கும் தண்ணில நின்னுக்கிட்டு ரெண்டு மணி நேரம். கொசுன்னா கொசு, அப்பிடி ஒரு கொசு. கடைசியா அது வந்துச்சு. உக்காந்துச்சு. வெயில் சாஞ்சு அந்த நீலத்து மேல விழுந்துச்சு பாருங்க, எனக்கு மூச்சே நின்னுபோச்சு. நாப்பது கிளிக், அதுல ஒண்ணு ஊசி மாதிரி ஷார்ப்பா வந்துருச்சு, ஒவ்வொரு எறகையும் எண்ணலாம். வீட்ல காட்டுனேன், சூப்பர். வேலை எடத்துல காட்டுனேன், சூப்பர். எனக்கு அன்னைக்குக் கால் தரைல படல.

அந்த மாசம் கூட்டத்துல அதத்தான் நடுவுல வச்சேன். எங்க குழுவுல மூத்தவர் ஒரு அண்ணன் இருக்கார், அதிகம் பேச மாட்டார். படத்த ரொம்ப நேரம் பாத்தார். நான் காத்துக்கிட்டு இருக்கேன், நீலத்தப் பத்திச் சொல்வாரு, எறகப் பத்திச் சொல்வாருன்னு. அவர் கேட்டது ஒண்ணுதான். "அந்த மூலைல வெள்ளையா என்ன இருக்கு?"

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. மூலையா? பறவைய விட்டுட்டு மூலையப் பாக்குறாரேன்னு, உடனே ஆரம்பிச்சேன், அண்ணே நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன், ரெண்டு மணி நேரம் தண்ணில நின்னேன், கொசு, சேறு எல்லாம். அவர் முழுசாக் கேட்டுட்டு மெதுவாச் சொன்னார், "தம்பி, நீ நாலு மணிக்கு எந்திரிச்சது படத்துல இல்லியே."

அன்னைக்கு நான் அவர்கிட்ட அதுக்கப்புறம் பேசல. வீட்டுக்கு வந்து படத்தத் திரும்பத் திரும்பப் பாத்தேன், என் கண்ணுக்கு பறவைதான் தெரியுது, மூலைல ஒண்ணும் பெருசாத் தெரியல. பொறாமைன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு வாரம் கழிச்சு என் அக்கா பொண்ணு வந்தா, எட்டு வயசு. ஒண்ணும் சொல்லாம போனை அவ கைல குடுத்தேன். எடுத்த எடுப்புல கேட்டா, "மாமா, அது என்ன பேப்பரா?"

கீழ வலது மூலைல, கரைல யாரோ போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர். போகஸ்ல கூட இல்ல, சும்மா ஒரு வெள்ளைத் திட்டு. ஆனா படத்துலயே அதிக வெளிச்சமான எடம் அதுதான். நம்ம கண்ணு அப்பிடித்தாங்க, வெளிச்சம் எங்க அதிகமோ அங்க ஓடும், மனுஷ மொகம் இருந்தா அங்க ஓடும், எழுத்து ஏதாவது இருந்தா படிக்கப் போயிடும். நான் எடுக்கும்போது என் மனசு பறவை மேல இருந்துச்சு, அதனால கவர் என் கண்ணுல படவே இல்ல. வீட்ல பாக்கும்போதும் அந்தக் காலைல இருந்த மனசோடதான் பாத்தேன், அதனால அப்பவும் படல. மத்தவங்களுக்கு அந்தக் காலை கெடையாது. கொசு கெடையாது. அவங்களுக்குக் கெடச்சது நாலு பக்கமும் கோடு போட்ட ஒரு செவ்வகம், அதுக்குள்ள ஒரு பறவை, ஒரு கவர்.

இன்னொன்ன சொல்லாம விட்டுட்டேன். ரெண்டு படம் கொண்டு வரணும்ல, ரெண்டாவதா ஒண்ணும் இல்லைன்னு, பறவைக்காகக் காத்துக்கிட்டு இருந்தப்ப போர் அடிச்சு போன்ல எடுத்த ஒரு படத்தச் சேத்துக்கிட்டுப் போனேன். கரைல கெடந்த என் செருப்பு ரெண்டும், அதுக்கு முன்னாடி பனில மங்கலாத் தண்ணி. அதப் பத்திக் கால் மணி நேரம் பேசுனாங்க. செருப்பு மட்டும் இருக்கு, ஆள் எங்க போனான்னு மனசு பதறுதுன்னு ஒரு அக்கா சொன்னாங்க. ரெண்டு செகண்ட்ல எடுத்தது. ரெண்டு மணி நேரத்துப் படத்துக்கு ஒரு கேள்வி, ரெண்டு செகண்ட் படத்துக்குக் கால் மணி நேரம்!

இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. லியனார்டோ டாவின்சி, 1519ல காலமானவர், அவரோட குறிப்புகள்லயே இது இருக்கு. ஓவியன் வரையும்போது யார் என்ன சொன்னாலும் காது குடுத்துக் கேக்கணும்ங்குறார், ஏன்னா வரையத் தெரியாதவனுக்கும் ஒரு மனுஷன் எப்பிடி இருப்பான்னு தெரியும்ல. இன்னொரு யோசனையும் சொல்றார், வரஞ்சத அடிக்கடி கண்ணாடில பாருன்னு, எடம் வலமா மாறித் தெரியும்போது அது வேற யாரோ வரஞ்சது மாதிரி இருக்கும், தப்பு உடனே கண்ணுல படும். இப்ப இது ரொம்ப சுலபம், போன்ல படத்த எடம் வலமாத் திருப்புற பட்டன் இருக்கு. இன்னைக்கு ராத்திரியே உங்களுக்குப் பிடிச்ச படம் ஒண்ணத் திருப்பிப் பாருங்க. என் பறவைப் படத்தத் திருப்புனப்ப அந்தக் கவர் இடது மூலைக்கு வந்து மொகத்துல அடிச்ச மாதிரி நின்னுச்சு. அக்கா பொண்ணு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இதச் செஞ்சிருந்தா அண்ணன்கிட்டப் பேசாம இருந்துருக்க வேண்டாம்.

அதுக்கப்புறம் எங்க குழுவுல ஒரு வழக்கம் வந்துருச்சு. படத்த வச்சவர் முதல் ஒரு நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாது. எங்க எடுத்தேன், எப்பிடி எடுத்தேன், எதுவும் கூடாது. மத்தவங்க, நல்லாருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு முன்னாடி, கண்ணு முதல்ல எங்க போச்சு, அப்புறம் எங்க போச்சு, எங்க மாட்டிக்கிச்சுன்னு மட்டும் சொல்லணும். இத யாரு வேணும்னாலும் சொல்லலாம், கேமராவே தொடாதவங்களும் சொல்லலாம். கேக்குறவருக்கும் கோவம் வராது, கண்ணு போன எடத்தச் சொன்னா எப்பிடிச் சண்டை போடுறது?

அதுக்கப்புறம் நுணுக்கம் தெரிஞ்சவங்க நுணுக்கம் பேசலாம், ஆனா அங்கயும் மொட்டையாப் பேசக்கூடாது. "கலங்கலா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. கலங்கல்ல மூணு வகை இருக்குங்க. படத்துல வேற எங்கயாவது, முன்னாடி இருக்குற புல்லோ பின்னாடி இருக்குற செவுரோ கூர்மையா இருந்தா போகஸ் எடம் மாறிப் போச்சுன்னு அர்த்தம். எல்லாமே ஒரே பக்கமா இழுவிக்கிட்டு இருந்தா கை ஆடிருக்கு. மத்ததெல்லாம் நின்னுக்கிட்டு ஆள் மட்டும் இழுவிருந்தா ஆள் அசஞ்சிருக்கார். மூணுக்கும் மருந்து வேற வேற. முதலாவதுக்கு எதுல போகஸ் வக்கிறோம்னு பாத்து வக்கணும், அவ்வளவுதான். கை ஆடுனதுக்கு முக்காலி, இல்லைன்னா ஷட்டர் வேகத்தக் கூட்டணும், அதாவது கேமரா கண்ணத் தொறந்து மூடுற நேரத்தக் கொறைக்கணும், தூரத்துல இருக்குறதக் கிட்டக் காட்டுற 200 எம்எம் லென்ஸ்ல கைல புடிச்சு எடுத்தா பொதுவா 200ல ஒரு பங்கு செகண்டாவது வேணும்னு பழைய கணக்கு, இப்ப ஆட்டத்த அடக்குற லென்ஸ் எல்லாம் வந்து அத கொஞ்சம் தளத்திருச்சு. மூணாவதுக்கு முக்காலி உதவவே உதவாது, ஓடுற குழந்தைக்கு முக்காலி என்ன செய்யும், வேகம் ஒண்ணுதான் வழி. பாருங்க, கலங்கலா இருக்குன்னு சொன்னா அந்தப் புள்ள போய் ஒரு முக்காலி வாங்கிட்டு வரும், படம் அப்பவும் கலங்கும்.

அதே மாதிரிதான் "மங்கலா இருக்கு". வெள்ளைக் கொக்க எடுத்தா சாம்பலா வரும், ஏன்னா கேமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்குற மீட்டர் எதப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கிடப் பாக்கும், அதுக்கு அது கொக்குன்னு தெரியுமா? வெள்ளை அதிகமா இருந்தா எக்ஸ்போஷர, அதாவது படத்துல விழுற வெளிச்சத்த, ஒரு படி ஏத்தி வைன்னு சொன்னா அது கருத்து. ஆனா சொல்றதுக்கு முன்னாடி உங்க போன் வெளிச்சத்தக் கொறச்சு வச்சிருக்கீங்களான்னும் பாத்துக்கோங்க. நானே ராத்திரி படுக்கைல கெடந்துக்கிட்டு ஒருத்தர் படம் இருட்டா இருக்குன்னு சொல்லிட்டு, காலைல பாத்து மன்னிப்புக் கேட்டுருக்கேன்.

மூணுல ஒரு பங்கு விதியப் பத்தியும் சொல்லணும், படத்தக் குறுக்க ரெண்டு கோடு நெடுக்க ரெண்டு கோடு போட்டுப் பிரிச்சு, கோடு வெட்டுற எடத்துல ஆள வைன்னு சொல்வாங்களே. இத ஸ்கேல் மாதிரி கைல வச்சுக்கிட்டு அலையுறவங்க எல்லாக் குழுவுலயும் ஒருத்தர் இருப்பார். ஜான் தாமஸ் ஸ்மித்ங்குற இங்கிலாந்து ஓவியர் 1797ல இந்தப் பேர எழுதுனப்ப போட்டோ எடுக்குற கேமராவே கெடையாது, போட்டோகிராபிய உலகத்துக்கு அறிவிச்சதே 1839லதான். அவர் பேசுனது ஓவியத்துல வெளிச்சமும் இருட்டும், நெலமும் வானமும் எந்த அளவுல இருக்கலாம்னு. நல்ல யோசனைதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா நடுவுல நிக்கிற ஆள் நடுவுல நிக்கிறதாலதான் படம் நல்லாருக்குன்னா அவர ஏன் ஓரங்கட்டணும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க, மூணு நிமிஷம்தானாம். பறவை தின்னுருச்சு நேரத்த. இன்னும் ரெண்டு விஷயம் எழுதி வச்சிருந்தேன், ஓடிக்கிட்டே சொல்லிடுறேன்.

ஒண்ணு, அடுத்தவர் படத்தக் கேக்காம எடுத்து எடிட் பண்ணி, இப்பிடி இருந்தா நல்லாருக்கும்னு திருப்பி அனுப்பாதீங்க. கேட்டுட்டுப் பண்ணுங்க. இருட்டு, வெளிச்சம் எல்லாம் அவங்கவங்க முடிவா இருக்கலாம். அமெரிக்காவுல ஆன்செல் ஆடம்ஸ்னு ஒருத்தர் 1941ல ஒரு சின்ன ஊர் மேல நிலா எழும்புறத எடுத்தார், ஒரே ஒரு நெகட்டிவ், அதுல இருந்து பல வருஷமா அவரே ஆயிரத்துக்கும் மேல பிரிண்ட் போட்டார், ஆரம்பத்துப் பிரிண்ட்ல வானத்துல மேகம் தெரியும், போகப் போக வானம் கருப்பாயிட்டே வந்துச்சு. எடுத்தவருக்கே வருஷத்துக்கு வருஷம் மனசு மாறுது, நாம ஒரே ராத்திரில அடுத்தவர் வானத்த மாத்தலாமா?

ரெண்டாவது, கருத்து வாங்குறவங்களுக்கு. ஒருத்தர் சொன்னா எழுதி வச்சுக்கோங்க, ஒருத்தரோட ஒருத்தர் பேசாம ரெண்டு பேர் அதையே சொன்னா போய் மூலையப் பாருங்க. எனக்கு அண்ணன் ஒண்ணு, அக்கா பொண்ணு ஒண்ணு. இதப் பத்தி இன்னும் நெறய இருக்கு, படத்தக் காட்டும்போது எப்பிடிக் கேக்குறதுன்னு, அது விட்டுப்போச்சு, போகட்டும்.

அப்ப அந்தக் கவர க்ராப் பண்ணீங்களான்னு கேப்பீங்க. பண்ணேங்க. வலது பக்கத்த வெட்டுனேன். பறவை வலது பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு, வெட்டுனதுக்கப்புறம் அதோட அலகுக்கு முன்னாடி எடமே இல்ல, செவுத்துல முட்டிக்கிட்டு உக்காந்த மாதிரி ஆயிருச்சு. அதக் கொண்டுபோய் அடுத்த மாசக் கூட்டத்துல வச்சேன், அண்ணன் பாத்தார், என்ன சொன்னார்னா... இல்ல, லைட் எரிஞ்சிருச்சு. வணக்கம் நேயர்களே.